மாடியில் ஒரு மழைக் கணக்கர்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வடகம் காயவேண்டிய இடத்தில் ஒரு வெதர் ஸ்டேஷன் இருக்கிறது. 'ஸ்டேஷன்' என்றதும் பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள். ஒரு கம்பம், காற்றில் சுற்றும் மூன்று கிண்ணம், மழைக்கு ஒரு புனல். புனலுக்குள் குட்டியாக ஒரு சீசா. 0.2 மில்லிமீட்டர் மழை சேர்ந்தால் ஒரு பக்கம் சாயும். எத்தனை தடவை சாய்ந்தது என்று எண்ணினால் மழைக் கணக்கு. அவ்வளவுதான்.

"டி.வி.லதான் தினமும் சொல்றாங்களே, நமக்கு எதுக்கு?" என்று மனைவி கேட்டாள்.

2015 டிசம்பர் 2ம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர் மழை. அதே நேரத்தில் எங்கள் தாம்பரத்தில் 49. டி.வி. சொன்னது சென்னை மழை. எங்கள் தெருவில் கட்டில் வரை வந்தது எங்கள் மழை. அன்றைக்கு முடிவு செய்தேன், என் தெரு மழையை என் தெருவிலேயே அளப்பதென்று.

அளந்தால் போதுமா? நாலு பேருக்குத் தெரியவேண்டாமா? ஒரு வெப்சைட் ஆரம்பித்தேன். வீட்டில் இருக்கும் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சின்ன ஃபைலில் எண்களை எழுதி, எங்கேயோ இருக்கும் சர்வருக்கு அனுப்பவேண்டும். ஆரம்பத்தில் எஃப்.டி.பி.யில் அனுப்பினேன்.

எஃப்.டி.பி.யை 1971ல் முதலில் எழுதி வைத்தவர் நம் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அபய் பூஷன். அப்போது எம்.ஐ.டி.யில் இருந்தார். நெட்வொர்க்கில் மொத்தமே கொஞ்சம் கம்ப்யூட்டர்கள், எல்லோரும் தெரிந்தவர்கள். கிராமத்தில் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது மாதிரி, பாஸ்வேர்ட் போஸ்ட்கார்டில் எழுதியது போல அப்படியே போகும். வழியில் இருப்பவன் படித்துக்கொள்ளலாம்.

எவனோ படித்திருக்கிறான். ஒருநாள் காலை என் பக்கத்தைத் திறந்தால், மழை இருக்கவேண்டிய இடத்தில் ரம்மி விளம்பரம். "மழையைவிட இதைத்தான் ஜாஸ்தி பேர் பார்ப்பாங்க" என்றான் பையன்.

இதே மாதிரி அடிபட்ட இன்னொருவர் பின்லாந்துக்காரர் டாட்டு இலோனென். 1995ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்ட்களைத் திருட, கோபத்தில் எஸ்.எஸ்.ஹெச். எழுதினார். 21ம் நம்பர் கதவு எஃப்.டி.பி.க்கு, 23 டெல்நெட்டுக்கு. நடுவில் 22 காலி மனையாகக் கிடந்தது. கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் அதே விலாசம்தான். அதன்மேல் பின்னால் வந்தது எஸ்.எஃப்.டி.பி. இதில் கடிதம் கவருக்குள், கவர் பெட்டிக்குள்.

ஒரே ஒரு சங்கடம். ராத்திரி மூன்று மணிக்கு யார் எழுந்து பாஸ்வேர்ட் அடிப்பது? அதற்காகத்தான் சாவி. பூட்டை சர்வரில் மாட்டிவிட்டு, சாவியை வீட்டு மெஷினில் வைக்கவேண்டியது. சாவி வெளியே போவதே இல்லை. 'என்னிடம் இருக்கிறது' என்று கணக்குப் போட்டு நிரூபிப்பதோடு சரி.

ஆனால் மெஷின் தானாகவே திறக்கவேண்டுமென்றால் சாவிக்கு ரகசிய வார்த்தை போட முடியாது. மெஷின் திருடு போனால் சாவியும் போச்சு. எனவே, வேலைக்காரம்மாவிடம் பீரோ சாவியைக் கொடுக்காமல் கொல்லைக் கதவுச் சாவியை மட்டும் கொடுப்பதுபோல், அந்தச் சாவிக்கு ஒரே ஒரு ஃபோல்டர். ஃபைல் வைக்கலாம்; வேறு எந்தக் கட்டளையும் கொடுக்க முடியாது. முதல் தடவை சர்வர் காட்டும் கைரேகையைச் சரிபார்த்து வைத்துக்கொண்டேன். 'அதெல்லாம் எதுக்கு, அந்தக் கேள்வியையே ஆஃப் பண்ணிடு' என்பார்கள். பண்ணாதீர்கள். சாவி உங்களிடம் இருந்தால் போதாது, வீடும் உங்கள் வீடாக இருக்கவேண்டும்.

இன்னொரு சின்ன தந்திரம். ஃபைலை முதலில் வேறு பெயரில் ஏற்றி, முழுசாகப் போனபிறகு பெயரை மாற்றவேண்டும். இல்லாவிட்டால் பாதி ஏறும்போது பார்ப்பவருக்கு 112 மில்லிமீட்டர் 11 ஆகத் தெரியும்.

எல்லாம் பக்கா. ஒரு ஈ நுழையவில்லை. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் ராத்திரி. பத்தரைக்குப் படுத்தேன். மெஷின் பார்த்துக்கொள்ளும்.

காலையில் எதிர்வீட்டு ரிட்டையர்ட் வாத்தியார் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கீழ் போர்ஷன், சம்சாரம் நடக்க முடியாதவர். தண்ணீர் வீட்டுக்குள் வந்தபின் இருட்டில் இரண்டு பேர் பிடித்து மாடிக்குத் தூக்கியிருக்கிறார்கள்.

"நாலு மணிக்குக்கூட உங்க பக்கத்தைப் பார்த்தேன் தம்பி. 38 மில்லிமீட்டர்னு போட்டிருந்துது. சரி, பயமில்லேன்னு படுத்துட்டேன்" என்றார்.

கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அந்த 38, பதினொன்றரை மணிக் கணக்கு. அதற்கப்புறம் பிராட்பேண்ட் போய்விட்டது. சீசா விடிய விடிய சாய்ந்துகொண்டுதான் இருந்தது. அனுப்பத்தான் வழியில்லை. சர்வர் பழைய எண்ணை அப்படியே காட்டிக்கொண்டிருந்தது. திருடனுக்காக அத்தனை பூட்டுப் போட்டேன், எவனும் வரவில்லை. ஒழுங்காக ஓடும் மெஷினும் சத்தம் போடாது, செத்துப்போன மெஷினும் சத்தம் போடாது என்பதை யோசிக்கவில்லை.

அடுத்த வாரமே மாற்றினேன். இப்போது சர்வரே ஃபைலின் நேரத்தைப் பார்க்கிறது. பதினைந்து நிமிஷத்துக்கு மேல் பழசென்றால் எண்ணை எடுத்துவிட்டுப் பெரிய சிவப்பு எழுத்தில் 'இப்போது தெரியாது. வெளியே பாருங்கள்' என்று போட்டுவிடும். எனக்கும் ஒரு மெசேஜ் வரும். வீட்டில் நெட்டுக்கு இரண்டாவது வழியாக ஒரு சிம் கார்டும் வைத்தாயிற்று. வாத்தியார் சம்சாரம் மழைக்காலத்தில் இப்போதெல்லாம் எங்கள் மாடி ரூமில்தான் இருக்கிறார். அதற்கு எந்த சாஃப்ட்வேரும் தேவைப்படவில்லை.

சிவப்பு எழுத்தை மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். படித்துவிட்டுச் சொன்னாள்:

"மெஷின்கூட தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லக் கத்துக்கிட்டுது. நீங்க எப்போ?"