கணக்கில் வராத செலவு

ஆண்டுதோறும் மார்ச்சு 31-ஆம் தேதியோடு நமது சங்கங்களின் கணக்குகள் முடிக்கப்பெறுகின்றன. நூல் வாங்கியது, கூலி கொடுத்தது, சாயம் போட்டது, வட்டி கட்டியது என ஒவ்வொரு செலவும் ஏட்டில் ஏறுகிறது. எல்லாம் போக எஞ்சுவதை இலாபம் என்று பொதுக்குழுவின் முன் வைக்கிறோம். அவ்வேடுகளைப் பார்வையிடுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. சாயத் தொட்டியிலிருந்து வெளியேறும் நீருக்கு அந்த ஏட்டில் பற்று எங்கே?

இவ்வையம் வீணானதன்று என்பதற்கு நொய்யல் ஆறே சான்று. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் அவ்வாற்றின் குறுக்கே, திருப்பூருக்குக் கீழே, ஒரத்துப்பாளையம் அணை பாசனத்திற்கென்றே கட்டப்பட்டு 1992-இல் பயனுக்கு வந்தது. ஆனால் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் பெருகப் பெருக, சாயக் கழிவு ஆற்றில் இறங்கி அணையில் தேங்கிற்று. பருத்தியில் சாயம் ஏறிப் பிடிக்க உப்பு மிகுதியாக வேண்டும். கழிவிலுள்ள வண்ணத்தை நீக்கினாலும், கரைந்த உப்பு எளிதில் நீங்குவதில்லை. எந்த நீருக்காக அணை கட்டப்பட்டதோ, அந்த நீரே பயிருக்கு ஆகாது என்று உழவர்கள் ஒதுக்கும் நிலை வந்தது. கிணறுகளும் கெட்டன. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் கழிவைத் தடுக்க ஆணையிட்டது. 2009-இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அதன் பின்னரும் ஆணை முற்றிலும் நிறைவேறாமையால், 2011-இல் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவாயிற்று. முன்பு உழவர் இழந்தனர். அப்போது தொழிலாளரும் இழந்தனர்.

இதில் யாரையும் தீயவர் என்று நாம் சொல்லவில்லை. குறை கணக்கிலேயே இருந்தது. துணியின் விலை மலிவாக இருந்ததென்றால், அதில் ஒரு பங்கை ஆற்றின் கீழ்க்கரையிலிருந்த உழவன் தன் வயலால் செலுத்திக்கொண்டிருந்தான் என்பதே பொருள். ஒருவர் செலவை மற்றொருவர் தலையில் வைத்து ஈட்டுவது இலாபமாகாது. அது எழுதப்படாத கடனேயாகும்.

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கடை வைத்தபோது, அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். கலப்படமற்ற பண்டம், சரியான எடை, வாங்கிய அளவுக்கு ஏற்ற ஈவு ஆகியவையே அவர்கள் கொண்ட நெறிகள். எடையில் ஏமாற்றாத அதே நேர்மையை இன்று நீரிலும் காட்ட வேண்டுவது அவர்கள் வழிவந்த நம் கடமையன்றோ?

ஆகவே நாம் சொல்ல விரும்புவன மூன்று. முதலாவது, துணிக்கு அடக்கவிலை போடும்போது, நூலுக்கும் கூலிக்கும் அடுத்து, கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவு என்று தனி இனம் எழுதப்பட வேண்டும். இரண்டாவது, கழிவைச் சுத்திகரித்து, நீரை மீட்டு, மறுபடி சாயத்திற்கே பயன்படுத்தும் நிலையத்தைச் சிறு சங்கம் தனித்து நடத்த இயலாது. அண்டைச் சங்கங்கள் பல கூடி ஒரே பொதுச் சாயச்சாலை அமைப்பதே வழி. தனித்து இயலாததைக் கூடிச் செய்வதற்கன்றோ கூட்டுறவு? மூன்றாவது, சாயச்சாலை எங்கே அமைவது, கழிவு எங்கே செல்வது என்று தீர்மானிக்குமுன் அவ்வூர் உழவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

“விலை ஏறினால் விசைத்தறித் துணியோடு எவ்வாறு போட்டியிடுவது?” என்று அங்கத்தினர் கேட்பர். நியாயமான கேள்விதான். விலை சிறிது ஏறும் என்பதை நாம் மறைக்கவில்லை. அந்தச் சுமையைத் தறிக்கூலியிலிருந்து பிடித்துச் சரிக்கட்டுவதை நாம் ஒருபோதும் ஒப்போம். அது ஓர் அநீதியை நீக்க மற்றோர் அநீதி செய்வதாகும். துணி வாங்குவோர் அதை ஏற்க வேண்டும்; அரசும் தள்ளுபடிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கெனத் திருப்பலாம். சுத்திகரிக்காமல் சேர்த்த ஆதாயமோ, பட்டறைகள் மூடப்பட்டபோது நிலைக்கவில்லை என்பதைத் திருப்பூர் கண்டது.

நம் ஊர்களில் ஒரே வீட்டில் அண்ணன் தறியிலும் தம்பி ஏரிலும் இருப்பது புதுமையன்று. அண்ணன் தொட்டியிலிருந்து போகும் நீர் தம்பியின் வாய்க்காலுக்கு வருகிறது. இவ்விருவர் கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதும் சங்கமே உண்மையான இலாபம் காட்டும் சங்கம் என்பது நமது கருத்து. வருகிற பொதுக்குழுவில் அங்கத்தினர் ஒருவரேனும் எழுந்து, “தண்ணீருக்கு எந்தப் பக்கத்தில் பற்று எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேட்பாராக.