ஜப்தியும் மானமும்

இக்காலத்தில் கடன் கொடுப்பவன் வட்டிக் கடைத் திண்ணையில் காத்திருப்பதில்லை. ‘கிரெடிட் கார்டு’ என்னும் அட்டையை வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போகிறான். பெரும்பாலும் அடமானமோ ஜாமீனோ கேட்பதில்லை. தவணை தவறினாலோ மாதம் நூற்றுக்கு மூன்று, மூன்றரை என்று வட்டி ஏறுகிறது. வருஷத்துக்கு நூற்றுக்கு 30க்கு மேல் வாங்குவது முறையல்லவென்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2008இல் சொன்ன தீர்ப்பையும் சுப்ரீம் கோர்ட்டு 2024 டிசம்பரில் தள்ளிவிட்டது. வட்டியின் யோக்கியதை இவ்வளவுதான். நிற்க, நாம் எழுத வந்தது கடன் கட்ட முடியாதவன் வீட்டுச் சாமான்களைப் பற்றியேயாகும்.

தர்மபுரி ஜில்லா சித்தேரி மலையிலிருந்து ஒரு வாலிபன் வெளியூருக்குக் கூலிக்குப் போய், இவ்வட்டையால் கடன்பட்டுவிட்டான் என்று வைத்துக் கொள்வோம். வசூல் ஏஜெண்டு என்று ஒருவன் மலையேறி வந்து, “பணத்தை எடு, இல்லாவிட்டால் பண்ட பாத்திரங்களை வாரிக்கொண்டு போவேன்” என்று வாசலில் கூச்சல் போட்டால் சட்டம் என்ன சொல்லுகிறது?

அவனுக்கு ஒரு சொம்பைத் தொடக்கூட அதிகாரம் கிடையாது. பாங்கிக்காரன் கோர்ட்டில் பிராது போட்டு, டிக்கிரி வாங்கி, அதை நிறைவேற்ற மனுக் கொடுத்து, உத்தரவோடு அமீனா வந்தால்தான் ஜப்தி என்ற பேச்சுக்கே இடமுண்டு. அமீனா வந்தாலும், வெள்ளைக்காரன் 1908இல் செய்த சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60வது பிரிவு குறுக்கே நிற்கிறது. கடன்பட்டவனுக்கும் அவன் மனைவி மக்களுக்கும் அவசியமான துணிமணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, தொழிலாளியின் கருவி, குடியானவனின் ஏர் கலப்பை, அவன் பிழைப்புக்கு வேண்டுமென்று கோர்ட்டு கருதுகிற மாடு, விதை தானியம், குடியானவனோ கூலிக்காரனோ குடியிருக்கும் சொந்த வீடு, கூலியாளின் கூலி ஆகிய இவைகளை ஜப்தி செய்யக் கூடாது. இச்சலுகை வேண்டாமென்று முன்னமே கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது செல்லாதென்று 1976இல் திருத்தமும் செய்தார்கள். டெலிவிஷன் பெட்டி போன்றவைகள் இந்த ஜாபிதாவில் இல்லை. அடகு வைத்த நகையின் கதையும் வேறு.

இதில் ஒரு வேடிக்கை. மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகைக்கும் விலக்குண்டு. சட்டி பானையை விட்டது வயிற்றுக்காக. தாலியை விட்டது சாஸ்திரத்துக்காக! அதே தாலியைப் புருஷன் வாங்கிக் கொண்டுபோய் அடகு வைக்கும்போது எந்தச் சாஸ்திரமும் குறுக்கே வருவதில்லை. எப்படியோ ஒரு குந்துமணித் தங்கம் அவளிடம் மிஞ்சுகிறதென்ற மட்டில் நமக்கு ஆட்சேபணையில்லை.

இவ்வளவு சட்டம் இருந்தும் ஜனங்கள் ஏன் நடுங்குகிறார்கள்? அந்த மலையடிவாரத்து வாச்சாத்தியைக் கேட்டால் தெரியும். சந்தனக் கட்டை தேடுவதாக 1992 ஜூன் 20இல் வனத்துறை, போலீசு, ரெவினியூ ஆட்கள் புகுந்து, 18 பெண்களைப் பலாத்காரம் செய்து, வீடுகளையும் பண்ட பாத்திரங்களையும் தானியத்தையும் பாழாக்கினார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளென்று தர்மபுரி கோர்ட்டு சொல்ல 2011 ஆயிற்று. ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது 2023இல். உடுப்புப் போட்டவன் செய்வதெல்லாம் சட்டமல்ல என்று ருசுவாக இத்தனை காலம் பிடித்த பக்கத்தில், கையில் காகிதத்தோடு வருகிறவனைக் கண்டு பயப்படுவது ஆச்சரியமல்ல.

ஏஜெண்டு நம்பி வருவது இந்தப் பயத்தையும், ஊரார் முன் மானம் போகுமே என்ற வெட்கத்தையுமே. கடன்படுவது மானக்கேடல்ல, ஏழையின் வாசலில் நின்று கூச்சல் போட்டுப் பிழைப்பதே மானக்கேடு. பணம் இல்லாத ஒரே காரணத்துக்காக, நாணயமான கடனாளியை ஜெயிலில் போடக் கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டு 1980இலேயே சொல்லிவிட்டது. வாங்கிய கடனைக் கட்ட வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கட்ட முடிந்ததைக் கட்டட்டும். ஆனால் வருகிறவனிடம் முதலில் கேட்க வேண்டியது கோர்ட்டு உத்தரவை. மெய்யாகவே சம்மன் வந்தால் ஒளிந்து கொள்ளக் கூடாது. ஒளிந்தால் ஒருதலையாக டிக்கிரி ஆகிவிடும். பழங்குடியாருக்கும் பெண்களுக்கும் வருமானக் கணக்குப் பாராமல் சர்க்கார் செலவில் வக்கீல் வைத்துத்தர 1987ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. சித்தேரியார் அரூர் கோர்ட்டிலுள்ள இலவச சட்ட உதவிக் குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும்.