கருப்பு டி-சட்டையைப் பார்த்து முகம் சுளிக்காதீங்க

கோயில் தொண்டுக்கு வரும் நம்ம தம்பிங்க சிலர் மெட்டல் இசை ரசிகர்கள். நீள முடி, மண்டையோடு போட்ட கருப்பு டி-சட்டை. “பேய்ப் பாட்டு கேட்கிற பசங்க, சேர்க்காதீங்க”ன்னு பேச்சு வருது. எனக்கு அது சரியாப் படல.

இந்தப் பயம் பழசு. 2001-ல் கெடாவில் ‘பிளாக் மெட்டல்’ பீதி கிளம்பி, பள்ளி மாணவர்களைக்கூட சோதனை போட்டாங்க. அந்தக் கத்தலுக்குள்ள என்ன பாடுறாங்கன்னு கேட்டவங்க குறைவு.

சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய ‘ருத்ரா’ குழுவைக் கேட்டுப் பாருங்க. குரல் உறுமும், பாடுபொருள் வேதாந்தம். 2005, 2009, 2011-ல் ‘பிரம்மவித்யா’ன்னு மூன்று ஆல்பம் வெளியிட்டாங்க.

எல்லாக் குழுவும் அப்படி இல்ல. சாமியைப் பழிக்கிற பாட்டும் இருக்கு. அதனாலதான் சட்டையை வச்சு முடிவு பண்ணாம, பாட்டைக் கேட்டுட்டுப் பேசணும்னு சொல்றேன்.

நம்ம உறுமி மேளத்தையே ‘குண்டர் கும்பல் சத்தம்’னு சொன்னவங்க உண்டு. பேராக் ரப்பர் தோட்டங்கள்ல, அரிவாளோடு நிற்கிற முனீஸ்வரருக்குப் படையல் போட்டு வளர்ந்த குடும்பங்கள் நாம. உக்கிரத்திலும் பக்தி உண்டுன்னு நமக்கு யாராவது சொல்லித் தரணுமா?

இளைஞர்கள் கோயிலுக்கு வர்றதில்லன்னு வருத்தப்படுறோம். வந்தவங்களையும் விரட்டினா, தைப்பூசத்துக்கு ஈப்போ தண்ணீர்ப் பந்தல்ல நாளைக்கு யார் நிற்பாங்க? “என்ன பாட்டு தம்பி கேட்கிற?”ன்னு அன்பா விசாரிங்க. பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!