சுமாரான நாவல்களின் பக்கம் நிற்கிறோம்

எழுத ஆசைப்படும் கொங்கு நாட்டு வாசகர்களாகிய நாங்கள், கோவையிலிருந்து இந்தப் பிரகடனத்தை வெளியிடுகிறோம்.

எங்களில் மில்லில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிப்பவர்கள், கணபதியில் லேத் ஓட்டுபவர்கள், சோமனூரில் தறி ஓட்டுபவர்கள், கல்லூரி மாணவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் படிக்க உட்காரும் பெண்கள் என்று எல்லோரும் உண்டு. எங்களைப் படிக்க வைத்தது பாடப்புத்தகம் இல்லை. 1969இல் தொடங்கிய ராணிமுத்துவும், பின்னால் வந்த மாலைமதி, பாக்கெட் நாவல், கிரைம் நாவல் போன்ற மாத நாவல்களும்தான் எங்களைப் படிக்க வைத்தன. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கினால் தாராபுரம் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். பழையது வேண்டுமென்றால் உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும்.

அவற்றில் நல்லவையும் இருந்தன, அவசரத்தில் எழுதிய சுமாரானவையும் இருந்தன. அந்தச் சுமாரான நாவல்களைப் பற்றித்தான் இங்கே பேச வந்திருக்கிறோம். எழுத ஆசைப்படுகிறவருக்குக் கிடைக்கும் முதல் தைரியம், சுமாராக எழுதப்பட்டும் பல்லாயிரம் பேர் விரும்பிப் படித்த நாவல்தான். இதை நன்றியோடு, வெளிப்படையாகச் சொல்லவே இந்த இயக்கம்.

எங்கள் நம்பிக்கை

ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வந்தது. தமிழ் வட்டார நாவலுக்கு முன்னோடி என்று போற்றப்படும் அந்த நாவல், நம் மண்ணையும் நம் பேச்சையும் கொண்டது. அதைப் படித்து முடித்தபோது பெருமையாக இருந்தது. ஆனால், ‘இதற்குமேல் நாம் என்ன எழுதிக் கிழிக்கப்போகிறோம்’ என்ற மலைப்பும் கூடவே வந்தது. பேனாவை எடுக்கத் தோன்றவில்லை.

ஒரு சுமாரான மாத நாவலைப் படித்து முடித்த ராத்திரி அப்படி இல்லை. ‘இதென்னங்க கதை, இதைவிட நா நல்லா எழுதுவனே’ என்று வாய்விட்டுச் சொன்னோம். எங்கள் இயக்கம் பிறந்தது அந்த வார்த்தையில்தான்.

அந்த வார்த்தை வெறும் வாய்ச்சவடாலாகப் போக வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர், மனைவிக்கு ஓர் ஆங்கில நாவலை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தவர், வெறுத்துப்போய் ‘இதைவிட நானே நன்றாக எழுதுவேன்’ என்றார். அவர் குடும்பத்தார் சொல்லிவந்த கதை இது. சொன்னபடி எழுதி 1820இல் வெளியிட்டார். அந்த நாவலும் சுமார்தான். ஆனால் அதை எழுதி முடித்த கையால், அடுத்த ஆண்டே ‘தி ஸ்பை’ என்ற நாவலை எழுதிப் பெயர் பெற்றார். டார்ஜானைப் படைத்த எட்கர் ரைஸ் பரோஸ், பத்திரிகைகளில் தான் படித்த மட்டமான கதைகளுக்கே காசு கொடுக்கிறார்கள் என்றால் நமக்கும் கொடுப்பார்கள் என்று நம்பி எழுத உட்கார்ந்தவர். அவருடைய முதல் கதை 1912இல் வெளிவந்தது. ஆக்டேவியா பட்லர் என்ற கறுப்பினச் சிறுமி, ‘டெவில் கேர்ள் ஃப்ரம் மார்ஸ்’ என்ற மோசமான படத்தை டிவியில் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல கதை தன்னிடம் இருக்கிறது என்று அறிவியல் புனைகதை எழுதத் தொடங்கினார். பிற்காலத்தில் அந்தத் துறையின் பெரிய விருதுகளெல்லாம் அவரைத் தேடி வந்தன.

சுமாரான நாவல் கற்றுத் தருவது

சுமாரான நாவல் உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்ட சட்டை. தையல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். எந்த இடத்தில் வாசகரைப் பிடித்து வைக்கிறார்கள், எந்த இடத்தில் இட்டு நிரப்புகிறார்கள் என்பதை எழுதப் பழகுகிறவர் அங்கே நேரில் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வோர் அத்தியாயமும் ஏன் ஓர் அலறலில் முடிகிறது? கொலைகாரன் ஏன் கடைசி இரண்டு பக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொள்கிறான்? கேட்டுப் பார்த்தால் விடை அதே பக்கத்தில் இருக்கும்.

ஓர் உதாரணம். கணவன் இறந்த செய்தி வருகிறது. ‘அவள் அதிர்ச்சியில் உறைந்து போனாள்’ என்று நாவல் எழுதுகிறது. இந்த வரியை நம்மில் ஒரு திருப்பூர் பெண் எடுத்துத் திரும்ப எழுதட்டும். செய்தி வரும்போது கதையில் வரும் மனைவி எங்கே இருந்தாள்? ஓவர்லாக் மெஷினில். கையில் என்ன இருந்தது? குழந்தை பனியனின் கை. சூப்பர்வைசர் வந்து சொல்கிறார். அவள் காதில் விழுகிறது, ஆனால் கால் பெடலை விடவில்லை. துணி முடிந்த பிறகும் மெஷின் ஓடுகிறது, வெறும் நூல் சங்கிலியாகப் பின்னிக்கொண்டே போகிறது. பக்கத்து மெஷின்காரி வந்து சுவிட்சை அணைக்கிறாள். ‘அதிர்ச்சி’ என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை. இதை எழுத அந்தத் திருப்பூர் பெண்ணுக்கு இலக்கணப் பண்டிதர் தேவைப்படவில்லை. தான் அறிந்த வேலையும், சரியாக அமையாத ஒரு வரியும் போதுமானதாக இருந்தன.

இன்னொரு பாடமும் உண்டு, அதுதான் முக்கியம். அந்த நாவல் முடிக்கப்பட்டது. நம் பரணில் கிடக்கும் நோட்டுகளில் பாதிக்கதைகள்தான் இருக்கின்றன. அந்த நாவலை எழுதியவரோ கடைசிப் பக்கம் வரை போனார். கோவையின் ராஜேஷ்குமார் 1500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியிருக்கிறார். வாசகரைப் பிடித்து வைக்கும் கலையில் அவர் தேர்ந்தவர். அந்தக் கலையோடு, எழுத எடுத்ததை முடித்துக் கொடுக்கும் அவருடைய ஒழுங்கையும் கற்றுக்கொள்ள விரும்புகிறோம். பள்ளிக்கூடம் போகாத வை.மு. கோதைநாயகி அம்மாள், தாம் சொல்லச் சொல்லத் தோழியை எழுதவைத்துத் தொடங்கினார். பிறகு 1925 முதல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்தி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவற்றை இலக்கியமாக ஏற்காத விமர்சகர்கள் பலர். ஆனாலும் பெண்கள் நாவல் எழுதலாம் என்பதை வீட்டுக்கு வீடு காட்டியவர் அவர்.

இப்படிச் சொன்னால் இலக்கியத்தின் தரம் தாழாதா என்று கேட்பார்கள். சுமாரான எழுத்தை உயர்ந்த எழுத்து என்று நாங்கள் சொல்லவில்லை. பயந்துகொண்டு யாரும் எழுதாமல் விட்டால் தறிக்கூடத்தின் கதையும், மஞ்சள் மண்டியின் கதையும், சாயத்தண்ணீர் ஓடிய நொய்யலின் கதையும் சொல்ல ஆளில்லாமல் போகும். எங்களுக்கு அந்த இழப்புதான் பெரிது.

எங்கள் தீர்மானங்கள்

1. எந்த நாவலையும், அதை எழுதியவரையும், படித்தவரையும் ஏளனம் செய்ய மாட்டோம். குறை சொன்னால் வரியைக் காட்டிச் சொல்வோம்.

2. பிடிக்காத நாவலை இரண்டாம் முறை பென்சிலோடு படிப்போம். கண் தாவிப்போன இடத்தையும், தூக்கத்தை விட்டுப் படித்த இடத்தையும் குறித்துக்கொள்வோம்.

3. அதில் ஒரு பக்கத்தை எடுத்து, நாம் அறிந்த இடத்திலும் தொழிலிலும் வைத்துத் திரும்ப எழுதுவோம். அது பயிற்சிக்கு மட்டும். அடுத்தவர் கதையை நம் பெயரில் போட மாட்டோம்.

4. பொள்ளாச்சி விவசாயி நாவலில் சென்னை வக்கீல் போலப் பேசுவதைப் பார்த்துச் சலித்துவிட்டோம். நம் பாத்திரங்கள் ‘ஏனுங்க’ என்று கூப்பிடட்டும், ‘அப்பறமேட்டு’ என்று தொடரட்டும்.

5. எடுத்ததை முடிப்போம். முதல் நாவல் சுமாராக வந்தாலும் முடிப்போம். முடிக்காததைத் திருத்த முடியாது.

6. எழுதத் தொடங்கியபின் சண்முகசுந்தரத்தையும், நம் வட்டாரத்தை எழுதும் பெருமாள்முருகனையும் மறுபடி படிப்போம். முன்பு மலைக்க வைத்த அதே நூல்கள், இப்போது நம் சந்தேகங்களைத் தீர்க்கும்.

7. ஒருவர் எழுதியதை இன்னொருவர் முழுதாகப் படித்து, நேர்மையாகக் கருத்துச் சொல்வோம்.

கொங்கு நாட்டு வாசகர்களே! ‘இதைவிட நானே நல்லா எழுதுவேன்’ என்று எந்த நாவலைப் படித்தபோது சொன்னீர்களோ, அதை மறுபடி எடுங்கள். எந்த வரியில் அப்படிச் சொன்னீர்கள் என்று தேடுங்கள். அந்த வரிக்குக் கீழே உங்கள் வரியை எழுதுங்கள். மறுநாள் அடுத்த வரியை எழுதுங்கள். கடைசிப் பக்கம் வரை நிறுத்தாதீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியது நம் பொறுப்பு.