முதியோர் பெருகும் ஊரில் யார் யாரைப் பேணுவது?



திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியாக ரமணாசிரமத்தைக் கடந்து செல்வோர், நாட்டின் மக்கள்தொகை மாற்றத்தை ஒரே தெருவில் கண்டுவிடலாம். ஆசிரமத்தைச் சுற்றியுள்ள வீடுகளில், பணி ஓய்வுக்குப் பின் அமைதி நாடி வந்த வெளியூரார் பலர் குடியிருக்கின்றனர். ஆந்திரத்தவர், சென்னைவாசிகள், வெளிநாட்டவர் என அவர்கள் பலதரப்பினர். அவர்களுக்காக எழும் அடுக்குமாடிக் கட்டடங்களில் சாரத்தின்மீது நின்று உழைப்போரிடையே வடமாநில இளைஞர்களின் பேச்சு கேட்கிறது. இந்த ஊரில் பிறந்த இளைஞர்களோ சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். 2024இல் மாநகராட்சியாக உயர்ந்த நம் ஊரின் பழைய தெருக்களில், அவர்களுடைய பெற்றோர் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள்.

அதிகப் பிள்ளைகள் பிறப்பதே வறுமைக்குக் காரணம் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக 1952இலேயே இந்தியா ஏற்றது. நெருக்கடி நிலைக் காலத்தில் வடமாநிலங்களில் அது கட்டாயக் கருத்தடையாக மாறி, மக்களிடம் தீராத அச்சத்தை விதைத்தது. தமிழகத்தில் பிறப்பு விகிதம் குறைந்ததற்கு வற்புறுத்தலைவிட வேறு காரணங்களே வலிமையானவை. பெண்கள் பள்ளிக்குச் சென்றனர். திருமண வயது உயர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஊர்தோறும் வந்தன. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை தாய்மாருக்கு ஏற்பட்டது. பிழைக்கும் என்று தெரிந்தபின் இரண்டோடு நிறுத்திக்கொள்ள யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள் என்ற அளவைத் தமிழகம் இந்த நூற்றாண்டு தொடங்கும் வேளையிலேயே எட்டிவிட்டது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி அது 1.8.

இதில் முஸ்லிம்களைக் குறிவைத்து எழுப்பப்படும் பழைய குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. அதே கணக்கெடுப்புகளின்படி, இந்திய முஸ்லிம் பெண்களின் சராசரி 1992-93இல் 4.4 ஆக இருந்தது, 2019-21இல் 2.4 ஆகக் குறைந்தது. பீகாரின் இந்துப் பெண்களுடைய சராசரி, தமிழகத்து முஸ்லிம் பெண்களுடையதைவிட அதிகம். குழந்தைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பவை மதத்தைவிடப் பெண்ணின் கல்வியும் குடும்பத்தின் வருவாயும் ஊரின் மருத்துவ வசதியுமே என்பது இதிலிருந்து விளங்கும். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ்.ஒய். குரைஷி இதைப் பற்றியே ஒரு நூல் எழுதியிருக்கிறார். கூட்டத்தில் எவரேனும் இந்தப் பேச்சை எடுத்தால், சினம் கொள்ளாமல் இந்த எண்களைச் சொல்லுங்கள்.

ஆனால் அந்த வாதத்தில் வென்றதோடு நம் வேலை முடிந்துவிடாது. பிறப்பு குறைந்து ஆயுள் நீண்டதால் தமிழகம் வேகமாக மூப்படைகிறது. 2021ஆம் ஆண்டுக்கான அரசு மதிப்பீட்டின்படி, அறுபது வயதைக் கடந்தோர் இந்தியாவில் 10.1 சதவீதம், தமிழகத்தில் 13.6 சதவீதம். 2031இல் தமிழகத்தில் இது 18.2 சதவீதமாகும் என்று கணித்துள்ளனர். ஏறத்தாழ ஐவரில் ஒருவர். பிரான்சு போன்ற நாடுகளில் இத்தகைய மாற்றம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மெல்ல நிகழ்ந்தது. அதற்குள் அவை செல்வம் சேர்த்தன. ஓய்வூதியமும் மருத்துவமனைகளும் ஏற்படுத்திக்கொண்டன. நமக்கு அந்த அவகாசம் இல்லை. உழைக்கும் வயதினர் மிகுந்திருக்கும் காலம் ஒரு நாட்டுக்கு ஒருமுறைதான் வாய்க்கிறது. தமிழகத்தில் அந்தக் காலம் கழிந்துகொண்டிருக்கிறது. நாடாளுமன்றத் தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டால் மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் இடங்களை இழக்குமே என்ற கவலை நியாயமானதே. எனினும் அதற்காகப் பெண்களைக் கூடுதலாகப் பெற்றுக்கொள்ளச் சொல்வது, விளையாட்டுப் பேச்சாக இருந்தாலும், எனக்கு உவப்பாக இல்லை.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். ஒரு தலைமுறைக்கு முன் ஐந்து பிள்ளைகளில் ஒருவர் வெளிநாடு சென்றால் நால்வர் உடனிருந்தனர். இன்று பல வீடுகளில் ஒரு மகன், ஒரு மகள். மகன் துபாயில், மகள் புகுந்த வீட்டில். அந்த மகன் மணந்த பெண்ணும் இருவரில் ஒருத்திதான். அவளுக்கும் முதுமையடைந்த பெற்றோர் உண்டு. ஆக நான்கு முதியோருக்கு ஓர் இளம் தம்பதி. அவர்களிலும் கணவன் கடல் கடந்திருக்க, சுமை முழுவதும் ஒரு பெண்ணின் தோளில் விழுகிறது. சர்க்கரை நோய் கண்ட மாமியாருக்கு ஊசி போடுவதும், இரவில் மாமனாரைக் கழிப்பறைக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அவளே. பட்டம் பெற்ற அவளுடைய கல்வி சமையலறை அலமாரியில் உறங்குகிறது. பெண்களைப் படிக்கவைத்த பலனை நாடு இப்படித்தான் பாதியில் இழக்கிறது.

பெற்றோருக்கு நன்மை செய்யும் கடமையை மார்க்கம் பிள்ளைகள் மீதுதான் விதித்திருக்கிறது. மருமகள் செய்வது அவளுடைய நற்பண்பு. சட்டப்படியான கடமையன்று என்று மார்க்க அறிஞர்கள் பலர் தெளிவாகச் சொல்லியிருக்கின்றனர். நாமோ கடமையை மகனிடமிருந்து எடுத்து மருமகளிடம் கொடுத்துவிட்டு, அவன் அனுப்பும் பணத்தைக் கடமை நிறைவேறியதற்குச் சான்றாக வைத்திருக்கிறோம். தன் தாயைப் பார்க்க மகள் வருவதற்குக்கூடப் புகுந்த வீட்டில் அனுமதி கேட்க வேண்டிய நிலையும் நம்மிடையே உண்டு.

அரசு சில முயற்சிகளைச் செய்திருக்கிறது. முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வாயிலாக இரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோர 2007ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. இவற்றைப் பெற மனு எழுதவும் அலுவலகம் செல்லவும் துணையில்லாத விதவைத் தாய்மார் நம் தெருக்களில் இருக்கின்றனர்.

ரமணாசிரமப் பகுதியில் குடியேறிய வசதியான முதியோர் சமையலுக்கும் மருத்துவத் துணைக்கும் ஊதியம் கொடுத்து ஆள் வைத்துக்கொள்கின்றனர். அந்த வேலைக்குச் செல்வோரில் நம் ஊர்ப் பெண்களும் உண்டு. முதியோரைப் பேணுவது மதிப்புள்ள தொழில் என்பதை நாமும் ஏற்கலாம். பைத்துல்மாலிலிருந்து இரண்டு பெண்களுக்குச் செவிலியர் உதவிப் பயிற்சி அளித்து, மஹல்லாவின் முதியோர் வீடுகளுக்கு ஊதியத்துடன் அனுப்பினால், மருமகளுக்குப் பகலில் நான்கு மணி நேரமேனும் மீளும். வக்ஃப் இடங்களில் கடை கட்டி வாடகைக்கு விடும் ஜமாஅத்துகள், ஓர் அறையை முதியோர் பகல்நேர இல்லத்துக்கு ஒதுக்குவது இயலாத காரியமன்று.

முதலில் கணக்கு வேண்டும். நிக்காஹ் பதிவேட்டை நம் ஜமாஅத்துகள் கவனமாகப் பேணுகின்றன. சந்தா நிலுவைப் பட்டியலும் துல்லியமாக இருக்கிறது. தனியே வாழும் முதியோர் எத்தனை பேர், அவர்களுக்கு மருந்து வாங்கித் தருபவர் யார், இரவில் அழைத்தால் வருபவர் யார் என்ற பட்டியலை மட்டும் நான் எங்கும் கண்டதில்லை. ரமளானுக்குள் ஒவ்வொரு மஹல்லாவிலும் நான்கு இளைஞர்களும் நான்கு பெண்களும் ஒரு குறிப்பேட்டுடன் வீடு வீடாகச் சென்றால், இரண்டு வாரங்களில் அதை எழுதி முடித்துவிடலாம்.