மந்தன் என்னுமுன்

வகுப்பில் வினாவுக்கு விடை கூறாது கடைசிப் பலகையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு 'மந்தன்' எனப் பெயரிடுதல் எளிது. அப்பிள்ளைக்குச் செவி கேட்கின்றதா, கரும்பலகை கண்ணுக்குப் புலனாகின்றதா என ஆராய்தலன்றோ முதற்கடமை?

இந்திய அரசினர் 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சோதிக்க வழிவகுத்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, கற்றல் குறைபாட்டையும் அவற்றுட் சேர்த்தது. பிள்ளைகள் யாவரையும் ஆண்டுக்கொருமுறையேனும் சோதித்தல் வேண்டுமென்றும் கூறிற்று.

சட்டம் நன்றே. ஆயினும், 40 விழுக்காடு குறைபாடென எழுதிய சான்றிதழ் வீட்டுப் பெட்டியில் உறங்குமாயின் பயன் யாது? செவிக்குறையுள்ள பிள்ளை முன்வரிசையில் அமர வேண்டும். ஆசிரியர் அதன் முகம் நோக்கிப் பேச வேண்டும். இதனை ஆசிரியருக்கு உணர்த்துவார் யாவர்? மருத்துவர் கண்ட முடிவு வகுப்பறையை அடையுமளவும் சோதனை முற்றுப்பெறவில்லை என்பதே நமது துணிபு.

நம்முட் பலர் நாளை ஆசிரியராவோம். கடிந்துரைக்குமுன் காரணம் வினவும் பழக்கத்தை இன்றே கைக்கொள்வோமாக.