மலிவே இலக்கணமாகாது
அமெரிக்காவில் பயண டிரெய்லரையே நிரந்தர வாசஸ்தலமாகக் கொள்ள விரும்புவோர்க்கு, பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்து எல்கார்ட் வட்டாரத்தில் பிறப்பவைதாமே, விசாலமும் மலிவும் உள்ளதை வாங்குக என்று உபதேசிக்கும் நண்பரின் வாதம், பிறந்த ஊரைக் கொண்டு குணத்தை நிர்ணயிக்கும் பிழையாகும். மரச்சட்டத்தின்மீது தகடு பொருத்தி, கூரையின் விளிம்புகளைப் பசையால் அடைத்த வண்டியில், ஓரிடத்து மூட்டு விரிந்தாலும் உட்புகும் மழைநீர், கண்ணுக்குப் புலப்படுமுன்னரே சுவரையும் தரையையும் உளுத்துப்போகச் செய்துவிடும்; இரண்டு பைபர்கிளாஸ் வார்ப்புகளை இணைத்து அமைத்த வண்டியிலோ, நீர் புகத்தக்க மூட்டுகள் சொற்பம். உற்பத்தியாளர் பலர், விடுமுறை உபயோகத்துக்கென்றே உத்தரவாதம் அளித்து, நிரந்தர வாசத்தை அதனின்று விலக்கியிருப்பதையும் அவர் கருதவில்லை. ஆகவே, அலங்காரத்தைப் பின்னுக்குத் தள்ளி, கூரை, அச்சின் பாரம் தாங்கும் சக்தி, குளிர்காப்பு, உத்தரவாதப் பத்திரம் ஆகியவற்றைப் பரீட்சித்த பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும். வேறு வீடில்லாத குடும்பத்துக்கு, ஒழுகும் கூரையினும் பெரிய செலவு பிறிதில்லை.